கொலைகாரனைக் காட்டிக்கொடுத்த குரல்

ஒலிவாங்கியின் முன் புதிதாக அமர்ந்திருக்கும் நண்பர்களே, ஒலிநூல் வாசிப்பிலிருந்து ஓய்வுபெற்றவன் என்ற தகுதியில் உங்களிடம் பேசுகிறேன். ஓய்வுபெற எனக்கு வயது போதாது என்று நீங்கள் கருதலாம். முப்பத்திரண்டு வயதில் ஒருவன் ஓய்வுபெறக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நான்கு ஆண்டுகளில் பன்னிரண்டு பிரித்தானிய வெகுசன நாவல்களைத் தமிழில் வாசித்திருக்கிறேன். ஏறக்குறைய முப்பது பிணங்களைக் கடந்து வந்திருக்கிறேன். ஒரு மனிதனுக்கு அது போதும்.

இத்தொழிலுக்கு நான் மேடையிலிருந்து வந்தவன். யாழ்ப்பாணத்தில் பள்ளி விவாத அணியின் தலைவன். பாரிசுக்கு வந்த பின்னர், என் பெயர் இல்லாத பட்டிமன்ற அழைப்பிதழை நான் அழைப்பிதழாகவே மதித்ததில்லை. கடைசி வரிசையில் உறங்குபவரையும் ஒலிபெருக்கியின் துணையின்றி எழுப்பக்கூடிய குரல் எனக்கு உண்டு. அக்குரல் ஒலிநூல்களில் ஒலிக்க வேண்டும் என்று உலகம் கேட்டுக்கொள்ளவில்லை. உலகத்தின் சார்பில் நானே தீர்மானித்தேன்.

எங்கள் ஒலிப்பதிவுக்கூடம் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு புடைவைக் கடையின் பின்னறை. எதிரொலியை உறிஞ்சுவதற்காகச் சுவரெங்கும் விலைபோகாத துணிச்சுருள்கள் அடுக்கப்பட்டிருக்கும். கூடத்தின் நிர்வாகி புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவர். எங்கள் எல்லோருக்கும் அவர் முசியே, அதாவது ஐயா. ஒலிப்பதிவு செய்பவர் மெலனி. மன்னாரிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கேயே பிறந்தவர். வயது இருபத்து நான்கு. தாயார் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லும் அவர், என்னிடம் தமிழிலேயே பேசினார். அது என்மீதுள்ள மரியாதை என்று முதல் மாதம் நினைத்தேன். என் பிரெஞ்சைக் கேட்கும் துன்பத்தைத் தவிர்க்கவே அப்படிச் செய்கிறார் என்று இரண்டாம் மாதம் அறிந்தேன்.

முதல் நாள் எனக்குக் கிடைத்த வாக்கியம் மிக எளியது: 'திருமதி ஹார்டிங் சன்னலைச் சாத்திவிட்டு நாற்காலியில் அமர்ந்தார்.' அதை நான் எழுந்து நின்று, வலக்கையை உயர்த்தி, ஒரு பேரரசின் கோட்டைவாயில் மூடப்பட்ட செய்தியைப் போல வாசித்தேன். 'அமர்ந்தார்' என்றதும் நிறுத்தினேன்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து மெலனியின் குரல் வந்தது.

"அண்ணை, மூச்சு முட்டுதா?"

"இல்லையே."

"பிறகேன் நாலு செக்கன் நிப்பாட்டினீங்கள்?"

கைதட்டலுக்காகக் காத்திருந்தேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? அது பொருள் செறிந்த மௌனம் என்றேன்.

"அந்த அம்மா கதிரையிலைதானே இருந்தவா," என்றார் மெலனி. "சிம்மாசனத்திலை இல்லையே."

இன்னொன்றையும் அக்காலத்தில்தான் கற்றேன். பிரித்தானிய நாவலின் மாந்தர்கள் கோபம் கொண்டால் குரலைத் தாழ்த்துவார்கள். 'எனக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கிறது' என்று ஓர் இராணுவக் கேணல் தேநீரைக் கலக்கியபடி சொன்னால், மறுநாள் ஒருவருடைய பெயர் உயிலிலிருந்து நீங்கிவிடும். இதை நான் உணர மூன்று நாவல்கள் ஆயின. அதுவரை என் கேணல்கள் அனைவரும் தேர்தலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஆனால் அம்மூன்றும் காதல் நாவல்கள். யார் யாரை மணப்பார் என்பதைக் குரலிலேயே முன்கூட்டிக் காட்டிவிட்டாலும் காதல் கதையில் எவரும் குறை சொல்வதில்லை. கல்யாணத்துக்கு முன்னதாகவே வந்துவிட்ட விருந்தினரைப் போல மகிழ்ச்சியாகக் காத்திருப்பார்கள். என் குறை அதனால் மறைந்திருந்தது. நான்காவதாக வந்தது துப்பறியும் நாவல்.

ஓர் ஆங்கிலச் சிற்றூர். அங்கே செல்வந்தர் ஒருவர் நஞ்சூட்டப்பட்டு இறக்கிறார். சந்தேகத்துக்குரியவர்கள் அறுவர்: பங்குத்தந்தை, மருத்துவர், கேணல், தோட்டக்காரர், ஒரு விதவை, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் சாதுவான ஒரு மனிதர். கடைசி அத்தியாயத்தில் அந்தச் சாதுதான் கொலைகாரர் என்று தெரியவரும். இதே துப்பறிவாளரின் கதைகள் இன்னும் எட்டு இருந்தன. அவற்றின் தமிழ் ஒலிநூல் உரிமையை எங்களுக்குத் தருவதா என்பதை லண்டனில் இருந்த முகவர் ஒருவர் தீர்மானிக்க வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் தெரியாத ஒருவர் தமிழ் வாசிப்பை மதிப்பிட ஒரு வழி வைத்திருந்தார். முதல் எட்டு அத்தியாயங்களை ஏழு பேருக்குப் போட்டுக்காட்ட வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் தாம் யாரைச் சந்தேகிக்கிறார் என்று ஒரு சீட்டில் எழுத வேண்டும். சீட்டுகள் சிதறியிருந்தால் வாசிப்பு நல்லது. எல்லாம் ஒரே பெயரில் குவிந்து, அந்தப் பெயரும் சரியாக இருந்தால், வாசித்தவர் தகுதியற்றவர். சந்தேகச் சீட்டு என்று நாங்கள் அதை அழைத்தோம்.

எனக்கு அதில் இழக்க ஒன்றுமில்லை. பாரிசின் புறநகரான சென் தெனியில் எனக்கு அலுவலக வேலை இருந்தது. மேடை எப்போதும் இருந்தது. இழக்க இருந்தவர் மெலனி. அவருடைய தற்காலிக ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் இருபது சதுர மீட்டரில் ஒரு வாடகை வீடு பார்த்திருந்தார். மூன்று தம்பி தங்கையரோடு ஓர் அறையில் வளர்ந்தவருக்கு அது மாளிகை. வாடகை முகவர் நிலையம் ஒரே ஒரு காகிதம் கேட்டது: நிரந்தர வேலை ஒப்பந்தம். இங்கே எல்லோரும் அதைச் சேதேஈ என்பார்கள். சேதேஈ இல்லாதவனுக்குப் பாரிசில் வீடும் இல்லை. வெள்ளிக்கிழமை நண்பகல் வரை வீட்டைப் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"லண்டன் சரின்னு சொன்னா அன்னிக்கே சேதேஈ குடுத்துடறேம்மா," என்று முசியே வாக்களித்திருந்தார். "இல்லன்னா எங்கேந்து குடுக்கறது? எட்டு புஸ்தகம் வந்தாத்தானே எட்டு மாசம் வேலை?"

வெள்ளிக்கு முந்திய சனிக்கிழமை பிற்பகல், பின்னறையில் ஏழு பேர் அமர்ந்தார்கள். தேத்தண்ணியும் ரோல்சும் வைத்து, எட்டு அத்தியாயங்களும் ஒலித்தன. மூன்று மணி நேரம். நான் மூலையில் நின்று அவர்களுடைய முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவரும் கைப்பேசியைத் தொடவில்லை. அது என் வெற்றி என்று குறித்துக்கொண்டேன். முசியே சீட்டுகளைச் சேகரித்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"ஆர்கன்காரர். ஆர்கன்காரர். ஆர்கன்காரர்..."

ஏழும் ஆர்கன்காரர்.

நண்பர்களே, அடுத்து நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். பட்டிமன்றத்தில் ஏகமனதான தீர்ப்பைப் போன்ற பெருமை வேறில்லை. ஏழுக்கு ஏழு என்றதும் என் கால்கள் தாமாகவே முன்னால் நடந்தன. "இந்த ஏகோபித்த முடிவுக்கு..." என்று நன்றியுரையைத் தொடங்கிவிட்டேன். மெலனி ஒலிப்பெட்டியின் மேல் நெற்றியை வைத்துக் கவிழ்ந்திருந்ததைக் கண்டபோதுதான் வாக்கியத்தின் நடுவே நின்றேன்.

முதல் வரிசையில் இருந்தவர் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்பவர். அவர் என் தோளைத் தட்டினார்.

"தம்பி, நான் முதலாம் அத்தியாயத்திலையே பிடிச்சிட்டன். அந்த ஆள் 'தேநீர் அருந்துகிறீர்களா' எண்டு கேட்ட விதம் இருக்கே, நான் என்ரை கப்பைத் தள்ளி வைச்சிட்டன்."

"ஓம், தோட்டக்காரன் பாவம்," என்றார் பக்கத்தில் இருந்தவர். "அவன் வாயைத் திறந்தாலே அழுகை வருது. அவன் ஒரு எறும்பையும் கொல்லமாட்டான்."

அப்போது விளங்கியது. முடிவை முதலில் அறிவித்துவிட்டுப் பிறகு நிறுவுவது மேடையின் முறை. துப்பறியும் கதையோ முடிவைக் கடைசிவரை கைக்குள் மூடி வைத்திருக்கும். நான் கடைசி அத்தியாயத்தை முதலிலேயே படித்திருந்தேன். படித்தவுடன் வழக்கம்போல ஒரு கட்சியில் சேர்ந்துவிட்டேன். குற்றவாளியின் ஒவ்வொரு வணக்கத்திலும் குற்றப்பத்திரிகை வாசித்தேன். நிரபராதிகளின் ஒவ்வொரு இருமலுக்கும் விடுதலை வாங்கிக்கொடுத்தேன். ஓர் எழுத்தாளர் முந்நூறு பக்கம் பாடுபட்டு மறைத்ததை நான் மூன்றாம் நிமிடத்தில் அவிழ்த்துவிட்டேன்.

மெலனியின் வேலையே இந்தச் சீட்டுகளில் தொங்குகிறது என்று அறிந்த குசினிக்காரர் இளகிவிட்டார்.

"உந்தப் பிள்ளைக்கு வேலை கிடைக்குமெண்டா, நான் தோட்டக்காரன் எண்டு மாத்தி எழுதித் தாறன். அதுக்கென்ன?"

"நானும்தான்," என்றார் அடுத்தவர். "எனக்கு டாக்குத்தரைத் தாங்கோ."

ஒரு நிமிடத்தில் சந்தேகங்கள் பங்கிடப்பட்டன. விதவைக்குக்கூட ஓர் ஆள் கிடைத்தார். முசியே என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. அது நேர்மையான மௌனம் அல்ல. சீட்டுகளை மாற்றினால் என் பதிவு பிழைக்கும் என்று ஒரு மூலையில் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன்.

"நோன், வேண்டாம்," என்றார் மெலனி, தலையை நிமிர்த்தாமலே. "சீட்டை மாத்தலாம். புத்தகத்தை மாத்தேலாது. அது வெளியிலை வந்தாப் பிறகு கேக்கிற சனமெல்லாம் உங்களை மாதிரித்தான் கண்டுபிடிக்கும். பிறகு லண்டன்காரன் எல்லாத்தையும் கிழிப்பான். எனக்குச் சேதேஈ ஒரு மாசத்துக்கு வேண்டாம்."

நான் வேறொரு வழி கண்டேன். அன்று மாலையே லண்டனுக்கு ஒரு கடிதம் வரைந்தேன். தமிழ்ச் செவி இயல்பாகவே கூர்மையானது; ஆகவே ஏழு சீட்டுகளும் ஒன்றானது வாசிப்பவரின் குறையன்று, கேட்பவரின் மேன்மையே; இதுவே அதன் சாரம். மூன்று பக்கங்கள். எதிர்க்கட்சி எழுந்து நிற்கவே முடியாத வாதம். மெலனி முழுவதையும் படித்தார்.

"கடிதம் வடிவா இருக்கு, அண்ணை. ஆனா கடிதத்தைக் குடுத்து வீடு எடுக்கேலாது."

"வேறு என்ன செய்வது?"

"திரும்ப வாசியுங்கோ. நாளைக்கு, திங்கள், செவ்வாய். புதன்கிழமை வேற ஏழு பேர்."

நாளை என்பது ஞாயிற்றுக்கிழமை. நாளை சென் தெனியில் ஒரு மண்டபத்தில் பட்டிமன்றம். 'புலம்பெயர் வாழ்வில் மகிழ்ச்சி தருவது உறவா, உழைப்பா?' உழைப்பு அணிக்கு நான் தலைவன். தமிழர் கடைத்தெருவான லாசப்பல் முழுவதும் கடைக் கதவுகளில் என் முகம் ஒட்டப்பட்டிருந்தது. மீன்கடையில் மட்டும் இரண்டு. அங்கே ஒரு மணி நேரம் முழங்கியபின் என் தொண்டையில் ஆர்கன்காரருக்கு எதுவும் மிஞ்சாது. உழைப்பே மகிழ்ச்சி என்று மேடையில் நிறுவுவதற்காக ஒரு பெண்ணின் உழைப்பைக் கெடுப்பதா என்று என்னை நானே கேட்டேன். அந்த வாக்கியம் மிக அழகாக இருந்தது. அதையே மண்டபத்தில் சொன்னால் என்ன என்றும் ஒரு கணம் யோசித்தேன். பிறகு ஏற்பாட்டாளரை அழைத்தேன்.

"தம்பி, என்ன பகிடியோ? போஸ்டர் எல்லாம் ஒட்டியாச்சு!"

"என் முகம் இருக்கட்டும், அண்ணை. ஆளை மட்டும் மாற்றுங்கள்."

எனக்குப் பதிலாகப் பேசியவர் நன்றாகவே பேசினார் என்று பின்னர் பலர் சொன்னார்கள். அவர்களை நான் இன்னும் முழுமையாக மன்னிக்கவில்லை.

ஞாயிறு காலை மெலனி முதலில் என்னை உட்கார வைத்தார். கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் அமரச் சொன்னார். ஒலிவாங்கியை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்தார். அப்படியும் ஆர்கன்காரர் 'காலை வணக்கம்' சொன்னபோது, கண்ணாடிக்கு அப்பால் அவர் கண்களை மூடிக்கொண்டார். நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் அந்த மனிதர் கொலை செய்தார்.

"எனக்கு உண்மை தெரியும், மெலனி. தெரிந்ததை எப்படி மறப்பது?"

அவர் ஒலிப்பதிவை நிறுத்தினார்.

"பட்டிமன்றத்திலை நீங்கள் எந்தப் பக்கம் எண்டு ஆர் சொல்றது?"

"திருவுளச்சீட்டு. விவாதத்துக்கு முன் குலுக்கி எடுப்போம்."

"நீங்கள் நம்பாத பக்கம் விழுந்தா?"

"விழுந்த அடுத்த நிமிடமே நம்பிவிடுவேன். உயிரையும் கொடுப்பேன்."

"மெய்யாவே?"

"அதுதானே பயிற்சி!" என்றேன் பெருமையோடு.

"அப்ப இதுக்கும் போடுவம்."

தேயிலை இருந்த ஒரு வெற்றுத் தகரப் பேணியில் ஆறு பெயர்களை எழுதிப் போட்டார். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் முன் ஒரு சீட்டு. விழுகிறவர்தான் அந்த அத்தியாயத்தில் கொலைகாரர். நான் அதை உளமார நம்பி வாசிக்க வேண்டும். முதலில் மருத்துவர் விழுந்தார். அவரை ஒருபோதும் நல்லவராக நினைத்ததில்லை என்று பத்து நிமிடத்தில் எனக்கே தோன்றியது. இரண்டாவதாக விழுந்தவர் விதவை. அவருடைய துக்கத்தில் அளவுக்கு மீறிய ஒழுங்கு இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மூன்றாவதில் பங்குத்தந்தை. திங்களன்று ஆர்கன்காரரின் பெயர் வந்தபோது மெலனி அதை என் கையிலிருந்து வாங்கிப் பேணிக்குள்ளேயே போட்டார்.

"இவரைப் போதுமான அளவு செய்துபோட்டியள். இவர் கொஞ்சம் ஆறட்டும்."

மூன்று நாள்களில் ஐந்து நிரபராதிகளைக் கொலைகாரர்கள் என்று மனச்சாட்சிக்கு விரோதமின்றி நம்பினேன். தோட்டக்காரரை நம்புவதுதான் கடினமாக இருந்தது. அவருக்காக நானே அவ்வளவு கண்ணீர் சிந்தியிருந்தேன். செவ்வாய் பிற்பகல் அவரும் வீழ்ந்தார். என் குறை நீங்கிவிட்டது என்று எண்ண வேண்டாம். இன்றுவரை அது நீங்கவில்லை. ஆனால் அது எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. நீதி என்று பல இடங்களில் வழங்குவது அதுவே.

புதன்கிழமை வேறு ஏழு பேர் வந்தார்கள். நான் கதவோரத்தில் ஒரு துணிச்சுருளின் மேல் அமர்ந்தேன். எட்டாம் அத்தியாயம் முடியும் முன்பே அவர்கள் ஒருவரோடொருவர் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள்.

"டாக்குத்தர்தான். நஞ்சு வேறை ஆரிட்டை இருக்கும்?"

"உமக்கு விசரே? அந்த மனுசியைப் பாரும். செத்த வீட்டிலை ஆர் தலைமுடிக்கு அவ்வளவு நேரம் செலவழிக்கிறது?"

"அவா கொண்டை போட்டது உங்களுக்கேன் கண்ணுக்குள்ளை குத்துது?" என்றார் மூன்றாமவர். அவர் மார்க்ஸ் டோர்மோயில் முடிதிருத்தும் நிலையத்தில் வேலை செய்யும் பெண்மணி.

முசியே சீட்டுகளைப் பிரித்தார். மருத்துவர் இரண்டு, விதவை இரண்டு, பங்குத்தந்தை ஒன்று, கேணல் ஒன்று, ஆர்கன்காரர் ஒன்று. ஆர்கன்காரரை எழுதியவரிடம் காரணம் கேட்டார் முசியே. "அந்தாளைப் பற்றி எனக்கு ஒண்டுமே தோன்றேல்லை. அதுதான்," என்று பதில் வந்தது.

முடிதிருத்தும் பெண்மணி எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு மெலனியிடம் கேட்டார்:

"கதை நல்ல விறுவிறுப்பு, பிள்ளை. ஆர் வாசிச்சது?"

அவருக்கும் எனக்கும் இடையே இரண்டு முழத் தூரம். என் கை பாதிவரை உயர்ந்துவிட்டது. மெலனி என்னைப் பார்த்தார். சொல்வதானால் நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் காத்திருந்தார். நான் உயர்ந்த கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

"ஒரு ஆள்," என்றார் மெலனி.

முசியே அனுப்பிய சீட்டு விவரத்துக்கு வியாழன் நண்பகல் லண்டனிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. எட்டு நூல்களும் எங்களுக்கு. என் மூன்று பக்கக் கடிதம் மேசையிலேயே கிடந்தது. முசியே அதன் பின்பக்கத்தில் மெலனியின் ஒப்பந்தத்துக்குரிய குறிப்புகளை எழுதிக்கொண்டு, சொன்னபடி அன்றே அச்சிட்டுக் கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, வாடகை முகவர் நிலையத்துக்கு மெலனியோடு நானும் போனேன். எவரும் அழைக்கவில்லை. பேச்சுத் தேவைப்பட்டால் உதவியாக இருக்கும் என்று நானே தீர்மானித்தேன். பிரெஞ்சில் ஓர் உரையும் தயாரித்திருந்தேன், முன்னுரை, மூன்று பகுதிகள், முடிவுரை. அங்கிருந்த அம்மையார் ஒப்பந்தத்தைப் புரட்டினார். தேதியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"நேற்றுத்தான் கையெழுத்தாகியிருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"வீ, மதாம்," என்றார் மெலனி. அந்த ஆமோதிப்புக்கு மேல் எதுவும் சேர்க்கவில்லை.

அம்மையார் மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனார். வாயைத் திறந்தேன்.

"அண்ணை," என்றார் மெலனி, திரும்பாமலே. "பேசாதேங்கோ."

பேசவில்லை. நண்பர்களே, என் தொழில் வாழ்வின் மிகக் கடினமான பதிவு அதுதான். அம்மையார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்; முசியேயின் கையெழுத்தைப் பார்த்தார்; மெலனியைப் பார்த்தார்; வாடகைப் பத்திரத்தை இழுத்து மெலனியின் முன்னால் வைத்தார். கையெழுத்துகள் முடிந்தபின் சாவி மேசையின்மேல் வந்தது.

நான்காம் மாடி. வெற்று அறை, ஒரு சன்னல், கழுவாத ஓர் அடுப்பு. மெலனி தரையில் அமர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சரி. அங்கை என்ன சொல்ல வந்தனீங்கள்? இப்ப சொல்லுங்கோ."

நான் நிமிர்ந்து நின்றேன். வலக்கை தானாகவே உயர்ந்தது. தளவாடம் இல்லாத அறையில் என் குரல் எப்படி ஒலித்தது என்பதை விவரிக்க எனக்கே அடக்கம் இடந்தராது. முன்னுரையை முடித்து, இரண்டாம் பகுதியின் உச்சத்துக்கு வந்தபோது, பக்கத்து வீட்டார் சுவரில் மூன்று முறை இடித்தார்.

"மெதுவா, அண்ணை," என்றார் மெலனி. "இனி நான் இஞ்சை இருக்கவேணும்."